எல்லோருக்கும் ஒரே விலை: அயல்நாட்டில் கேமரா வாங்குவோர் தேட வேண்டிய கடை

சிங்கப்பூருக்கோ ஹாங்காங்குக்கோ டோக்கியோவுக்கோ போகிறவருக்கு ஒரு நல்ல கேமரா வாங்கும் ஆசை இருந்தால், அவர் முதலில் விசாரிப்பது எந்தக் கடையில் ரேட் குறைவு என்பதைத்தான். அங்கே வேலை பார்க்கும் உறவினரிடம் கேட்கிறார். முன்பு போய் வந்தவரிடம் கேட்கிறார். ஒரு வணிக வளாகத்தின் பெயரோ தெருவின் பெயரோ கிடைக்கிறது. அங்கே நான்கு கடை ஏறி இறங்கி, பேரம் பேசி, யார் குறைத்துச் சொன்னாரோ அவரிடம் பணத்தைக் கட்டுகிறார். ஊர்ச் சந்தையில் பெரும்பாலும் பலிக்கும் இந்த முறை, அயல்நாட்டில், அதுவும் லட்ச ரூபாயைத் தாண்டும் பொருளுக்கு, ஆபத்தானது. ஊருக்குப் புதியவர் விசாரிக்க வேண்டியவை மூன்று. வருகிறவர் யார் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே விலை சொல்லும் கடை எது? அந்த விலையை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைத்திருக்கிறதா? அந்த விலைக்குள் என்னென்ன அடக்கம் என்பதை பில்லில் போட்டுத் தருகிறதா? இந்த மூன்றிலும் தேறும் கடைதான் அயலாருக்கு நம்பகமானது. எல்லாச் செலவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், பெரும்பாலும் அதுவே மலிவானதும்கூட.

சிங்கப்பூரின் ரோச்சோர் பகுதியில் இருக்கும் சிம் லிம் ஸ்கொயர், மின்னணுப் பொருட்களுக்குப் பேர்போன வளாகம். 2014 நவம்பரில் அங்கிருந்த ஒரு கடையில் நடந்தது உலகச் செய்தியானது. வியட்நாமிலிருந்து சுற்றுலா வந்த ஒரு தொழிலாளி, 950 சிங்கப்பூர் டாலர் விலை பேசி ஐபோன் 6 ஒன்றை வாங்கினார். பணத்தைக் கட்டிய பிறகு, வாரண்டிக்கு இன்னும் 1,500 டாலர் கட்ட வேண்டும் என்றது கடை. அவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட தாளில் அது இருந்தது. பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி அவர் மண்டியிட்டு அழுத காட்சி காணொளியாகப் பரவியது. கொடுத்ததில் ஒரு பகுதிதான் கடையிலிருந்து திரும்பக் கிடைத்தது. பல வாடிக்கையாளர்களை இப்படி ஏமாற்றிய குற்றத்துக்காக 2015 நவம்பரில் அந்தக் கடைக்காரருக்கு 33 மாதச் சிறைத் தண்டனையும் 2,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. உலகிலேயே சட்டம் கறாராக அமலாகும் நாடுகளில் ஒன்றாகப் பெயரெடுத்த இடத்திலேயே இது நடந்தது. ஆகவே, நல்ல நாடு என்பதாலேயே அங்குள்ள கடையெல்லாம் நல்ல கடை என்று முடிவு கட்டிவிட முடியாது.

அந்த நிகழ்வில் கைமாறியது போன். கேமரா வியாபாரத்தில் இதே தந்திரத்துக்கு இன்னும் அதிக இடம் உண்டு, ஏனென்றால் கேமரா ஒற்றைப் பொருள் அல்ல. பாடி, லென்ஸ், பேட்டரி, சார்ஜர், மெமரி கார்டு, ஃபில்டர், பை என்று அது பல துண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் ஏமாற்ற முடியும். முதலில் சொல்லும் பாடி விலை மனத்தைக் குளிர வைக்கும் அளவுக்குக் குறைவாக இருக்கும். அட்டையைத் தேய்த்த பிறகு, பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனி விலை என்பார்கள். தயாரிப்பாளர் அதே பெட்டிக்குள் வைத்து அனுப்பிய பேட்டரி அது. அல்லது நீங்கள் கேட்ட மாடல் கைவசம் இல்லை, அதில் குறை இருக்கிறது, இதோ இது அதைவிட மேல் என்று விலை தெரியாத வேறொன்றை எடுத்து வைப்பார்கள். லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் மலிவான கண்ணாடித் துண்டை உயர்தர லென்ஸ் என்று சொல்லி, கேமரா விலையில் பாதிக்கு விற்பதும் பழைய கதை. நியூயார்க்கில் புரூக்ளின் முகவரியோடு இயங்கிய சில அஞ்சல்வழிக் கடைகள் இந்தத் தந்திரத்துக்கே பெயர்பெற்றிருந்தன. மிகக் குறைந்த விலையில் விளம்பரம் செய்வார்கள்; ஆர்டர் கொடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்து உதிரிப் பொருட்களை வாங்கச் சொல்வார்கள்; வேண்டாம் என்றால், ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்பார்கள்.

இத்தகைய கடைகள் சுற்றுலாத் தலங்களைச் சுற்றியே முளைப்பது தற்செயல் அல்ல. உள்ளூர் வாடிக்கையாளரை ஏமாற்றினால் அவர் நாளை கடை வாசலில் வந்து நிற்பார், நாலு பேரிடம் சொல்வார், புகார் கொடுப்பார், வழக்கு நடத்தவும் ஊரில் இருப்பார். பயணியோ நாளை மறுநாள் விமானம் ஏறிவிடுவார். திரும்பி வராத வாடிக்கையாளரிடம் பெயரைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் கடைக்கு இல்லை. பேரம் நடக்கும் கடையில் விலை என்பது வாங்குபவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தது. அந்த மாடலின் நடப்பு விலை, பெட்டிக்குள் என்ன வரும், பக்கத்துக் கடையில் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் ஊர்க்காரருக்குத் தெரியும், பயணிக்குத் தெரியாது. பேச்சுத் திறமை எவ்வளவு இருந்தாலும் இந்தக் குறையை அது ஈடுகட்டாது. விலை எழுதி ஒட்டிய கடையில், விவரம் தெரிந்த ஊர்க்காரருக்குக் கிடைக்கும் விலையே தெரியாதவருக்கும் கிடைத்துவிடுகிறது. அயலாருக்கு இதைவிடப் பெரிய சலுகையை எந்தப் பேரமும் பெற்றுத் தராது.

சட்டம் இருக்கும்போது ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்கலாம். சட்டங்கள் இருப்பது உண்மைதான், அவை வலுவானவையும்கூட. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் குறைபாட்டுப் பொருள் சட்டப்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடைக்காரருடையது. சிறு வழக்குத் தீர்ப்பாயம் 20,000 டாலர் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கிறது. 2018 முதல், நேர்மையற்ற வணிகத்தின்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையத்திடம் இருக்கிறது. ஹாங்காங் 2013 ஜூலை 19 முதல், குறைந்த விலை காட்டி இழுத்து வேறு பொருளைத் தலையில் கட்டுவதையும், முக்கிய விவரத்தை மறைப்பதையும், மிரட்டி விற்பதையும் குற்றமாக்கியது. 5 லட்சம் ஹாங்காங் டாலர் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். ஆனால் சட்டம் செயல்பட ஆவணமும் காலமும் தேவை. வாயால் சொன்ன விலைக்கு ஆவணம் இல்லை. திரும்பும் டிக்கெட் போட்டிருப்பவருக்குக் காலமும் இல்லை. விலைச்சீட்டும் முழு விவரம் எழுதிய பில்லும் இருந்தால்தான் இந்தச் சட்டங்கள் பயணியின் கைக்கு எட்டும். ஆக, சட்டத்தை நம்புகிறவரும் எழுதித் தரும் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

நம்பகமான கடை எப்படி இருக்கும் என்பதற்கு டோக்கியோவின் பழைய கேமராக் கடைகள் நல்ல சான்று. ஷின்ஜுகுவிலும் நகானோவிலும் இருக்கும் கடைகளில் ஒவ்வொரு லென்ஸின் மீதும் ஒரு சீட்டு இருக்கும். தரம் என்ன, வெளிப்புறத்தில் கீறல் உண்டா, கண்ணாடிக்குள் தூசியோ பூஞ்சையோ இருக்கிறதா, மூடியும் பெட்டியும் சேர்ந்து வருமா என்று அதில் எழுதி, அதற்கேற்ற விலையும் போட்டிருப்பார்கள். குறையை விற்பவரே எழுதி வைத்துவிடுவதால், ஜப்பானிய மொழி தெரியாதவரும் ஒரு மொழிபெயர்ப்புச் செயலியின் துணையோடு முடிவெடுக்க முடியும். கேட்டால் எடுத்துப் பார்க்கவும், சொந்த கேமராவில் மாட்டிச் சோதிக்கவும் விடுவார்கள். இந்த ஒழுங்குக்குக் கடைக்காரர்களின் குணம் மட்டும் காரணம் அல்ல. பழைய பொருள் வியாபாரத்துக்கென்று ஜப்பானில் 1949-லேயே சட்டம் வந்துவிட்டது. அதன்படி வியாபாரி உரிமம் பெற வேண்டும். தன்னிடம் பொருளை விற்க வருகிறவரின் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும். திருட்டுப் பொருள் கடைக்குள் நுழைவதை இது வெகுவாகக் கட்டுப்படுத்துகிறது. சட்டமும் தொழில் பழக்கமும் பல்லாண்டுகள் சேர்ந்து வளர்த்த நம்பிக்கை இது.

எழுதிய விலை எப்போதும் கூடுதல், பேரம் பேசினால் நூறு இருநூறு டாலர் குறையுமே என்ற வாதத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சிங்கப்பூரில் சரக்கு மற்றும் சேவை வரி 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். வரித் திருப்பத் திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 டாலருக்குக் குறையாமல் வாங்கும் சுற்றுலாப் பயணி, பொருளோடு விமான நிலையத்தில் விண்ணப்பித்து அந்த வரியைத் திரும்பப் பெறலாம். ஒரு கடையில் வரி உட்பட 2,000 டாலர் என்று எழுதியிருக்கிறது என்று கொள்வோம். இன்னொரு கடை, பில் வேண்டாமென்றால் ரொக்கமாக 1,900 கொடுங்கள் என்கிறது. முதல் கடையின் விலைக்குள் இருக்கும் வரி சுமார் 165 டாலர். திருப்பித் தரும் நிறுவனம் கட்டணம் பிடித்துக்கொண்டாலும், கடைசியில் கையை விட்டுப் போகும் தொகை 1,900-க்குக் கீழேயே நிற்கும். பில்லும் கையில் இருக்கும், வாரண்டி கேட்கும் உரிமையும் இருக்கும். 100 டாலர் மிச்சம் என்று பேரத்தில் தோன்றியது உண்மையில் நஷ்டம். ஜப்பானின் 10 சதவீத நுகர்வு வரியிலிருந்தும் துபாயின் 5 சதவீத வரியிலிருந்தும் பயணிகள் சலுகை பெற வழி உண்டு. அங்கும் முறையான பில்லும் பாஸ்போர்ட்டும் வேண்டும். ஹாங்காங்கில் விற்பனை வரியே இல்லை என்பதால், வரியைக் கழித்துத் தருகிறேன் என்று அங்கே ஒருவர் சொன்னாலே எச்சரிக்கையாகிவிடலாம்.

பேர் கெட்ட வளாகங்களிலும் நேர்மையான கடைகள் இருக்கின்றனவே, எழுதிய விலையை மட்டும் பார்த்தால் அவற்றை ஒதுக்கியதாகிவிடாதா என்று இன்னொரு கேள்வி எழும். சிம் லிம் ஸ்கொயரிலேயே உள்ளூர்ப் புகைப்படக்காரர்கள் பல ஆண்டுகளாக நம்பிப் போகும் கடைகள் இருந்துவருகின்றன. ஒரு கட்டடத்தை முழுக்கக் கறுப்புப் பட்டியலில் வைப்பது அநியாயம்; ஒரு கட்டடத்தை முழுக்க நம்புவதும் அதே தவறுதான். கடையைக் கடையாகத்தான் எடைபோட வேண்டும். அந்த நேர்மையான கடைகளைப் பார்த்தால், விலைப்பட்டியலை வெளியிடுவது, உள்ளூர் முகவரின் வாரண்டியா நேரடி இறக்குமதியா என்பதை முன்பே சொல்வது, கேட்டதும் சீல் உடையாத பெட்டியை எடுத்து வைப்பது ஆகிய பழக்கங்கள் அங்கேயும் இருப்பதைக் காணலாம். உறவினர் சொன்ன கடை, நம் மொழி பேசும் விற்பனையாளர் என்ற நம்பிக்கைக்கும் இதே சோதனை பொருந்தும். மொழியும் ஊர்ப்பாசமும் பேச்சை இலகுவாக்கும்; பேட்டரி விலைக்குள் அடக்கமா என்பதை அவை தீர்மானிப்பதில்லை. நல்ல மனிதரும் பில் போட்டுத்தான் கொடுப்பார். கேட்டால் வருத்தப்பட மாட்டார்.

நேரடி இறக்குமதி, அதாவது கிரே மார்க்கெட் சரக்கு, மலிவுக்கான உண்மையான வழி என்று வாதிடுபவர்கள் உண்டு. பொருள் அசல்தான்; அதே தொழிற்சாலையில் இருந்து வந்ததுதான்; அந்தந்த நாட்டு முகவர் வழியாக வராததால் விலை குறைகிறது. இதில் பாதி நியாயம் இருக்கிறது. 1973-ல் தொடங்கிய நியூயார்க்கின் பி அண்ட் எச் போன்ற பெரிய கடைகள் இத்தகைய சரக்கை இறக்குமதி என்று வெளிப்படையாகக் குறித்தே விற்றிருக்கின்றன. விவரம் தெரிந்து வாங்குபவர் ஏமாறுவதில்லை. மறைத்து விற்கும்போதுதான் அது மோசடியாகிறது. கேமரா பாடிகளின் வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு அல்லது வட்டாரத்தோடு கட்டுப்பட்டது. அமெரிக்காவில் நிக்கான் நிறுவனம் கிரே சரக்கைக் காசு கொடுத்தாலும் பழுதுபார்க்க மறுத்ததுண்டு. சோனி ஜப்பானில் விற்கும் பல மாடல்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே வரும். ஆகவே அயல்நாட்டு விலையையும் சென்னை விலையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது பிழையான கணக்கு. வாரண்டி இல்லாத ஒரு வருடத்தில் ஷட்டரோ சென்சாரோ போனால் ஆகும் செலவையும் அயல்நாட்டு விலையோடு சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அந்தக் கணக்கில் சுங்க வரியும் சேரும். 2016-ல் வந்த இந்தியப் பயணப் பை விதிகள், நேபாளம், பூடான், மியான்மர் தவிர்த்த நாடுகளிலிருந்து திரும்பும் இந்தியருக்கு 50,000 ரூபாய் வரை வரிவிலக்கு கொடுத்தன. அதற்கு மேற்பட்ட தொகைக்குத் துணை வரி உட்பட 38.5 சதவீத வரி இருந்தது. கணவன் மனைவி இருவரின் விலக்கையும் ஒன்றாகக் கூட்டி ஒரே கேமராவுக்குக் காட்டவும் முடியாது. இந்த அளவுகளின்படி 1,30,000 ரூபாய் கேமராவுக்கு வரி மட்டும் 30,800 ரூபாய் ஆகிறது. விலக்கு வரம்பு மாறக்கூடியது. புறப்படும் முன் சுங்கத் துறையின் இணையதளத்தில் நடப்பு வரம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த வரம்பானாலும் பாடம் ஒன்றே: விலை உயர்ந்த புதிய பாடியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதில் லாபம் குறைவு. இந்தியாவில் டிஜிட்டல் கேமராவின் ஜிஎஸ்டி 2019 தொடக்கத்தில் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகு உள்ளூர் விலைக்கும் வெளிநாட்டு விலைக்கும் உள்ள இடைவெளி இன்னும் சுருங்கிவிட்டது. உண்மையான ஆதாயம் விலக்கு வரம்புக்குள் அடங்கும் லென்ஸ்களிலும், இங்கே கிடைக்காத பழைய பொருட்களிலும் இருக்கிறது. சொந்த கேமராவோடு புறப்படுபவர், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் சீரியல் எண்ணைப் பதிந்து ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது வாக்குவாதம் இருக்காது.

நல்ல கடையைத் தேர்ந்த பின்னும் பொருளைக் கண்ணால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பழைய லென்ஸ் என்றால் இரு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கமாக டார்ச் அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் தெளிவாக இருக்கும் கண்ணாடியில், சாய்த்த வெளிச்சத்தில் மெல்லிய கிளைபரப்பிய வெள்ளை நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. தமிழகக் கடற்கரையின் ஈரக் காற்றில் அது இன்னும் வேகமாகப் படரும், கண்ணாடிப் பூச்சையும் அரிக்கும். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுமினுத்தாலோ, ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது மணல் உராய்வது போல் இருந்தாலோ விட்டுவிடலாம். புதிய கேமராவில் பெட்டியின் சீரியல் எண்ணும் பாடியின் எண்ணும் வாரண்டி அட்டையின் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பெட்டிக்குள் என்னென்ன வரும் என்ற பட்டியல் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இருக்கும். இப்போதைய சில மாடல்களில் சார்ஜரே வருவதில்லை, கேபிள் மட்டும்தான் வருகிறது. இது தெரியாதவர் நேர்மையான கடைக்காரரைச் சந்தேகிக்கவும் கூடும். பில்லில் மாடல் பெயர், சீரியல் எண், ஒவ்வொரு உதிரிப் பொருள், மொத்தத் தொகை எல்லாம் எழுதிய பிறகே அட்டையை நீட்ட வேண்டும். ரூபாயில் கட்டுகிறீர்களா என்று இயந்திரம் கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தேர்வது நல்லது. இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் பணம் கசியும். கடன் அட்டையில் கட்டியிருந்தால், மோசடி நடந்தாலும் வங்கி வழியாகத் தொகையை எதிர்த்துக் கேட்க ஒரு வழி மிஞ்சும்.

இவ்வளவையும் வாங்குபவரின் தலையிலேயே சுமத்துவதும் சரியல்ல. கேமரா உலகெங்கும் ஒன்றாக விற்கப்படும் பொருள். அதன் வாரண்டி மட்டும் எல்லையில் நின்றுவிடுவதற்குப் பொறியியல் காரணம் எதுவும் இல்லை. பயணத்துக்கென்றே விற்கப்படும் பொருளுக்குப் பயணம் செய்யும் வாரண்டியைத் தயாரிப்பாளர்கள் தர வேண்டும். குறைந்தபட்சம், சீரியல் எண்ணை உள்ளிட்டால் அது எந்த நாட்டுச் சரக்கு, வாரண்டி எங்கே செல்லும் என்று சொல்லும் வசதியாவது எல்லா நிறுவனங்களிடமும் வேண்டும். சுற்றுலா வருமானத்தை எதிர்பார்க்கும் அரசுகளும், குற்றம் நடந்தபின் தண்டிப்பதோடு நிற்காமல், மின்னணுக் கடைகளில் விலையைக் காட்சிக்கு வைப்பதைக் கட்டாயமாக்கலாம். ஹாங்காங் சுற்றுலாக் கழகம் 1999-ல் தொடங்கிய தரச்சான்றுத் திட்டம், விலையைத் தெளிவாகக் காட்டுவதைச் சான்றுக்கான நிபந்தனைகளில் ஒன்றாக வைத்தது. விருப்பத் திட்டத்தில் இருக்கும் அந்த நிபந்தனையைச் சட்டமாக்குவது பெரிய தூரம் இல்லை. அதுவரை, வாங்குபவரின் கையில் ஒரு பலமான ஆயுதம் இருக்கிறது: விலை எழுதாத கடையில் வாங்காமல் வெளியே வருவது. பேரத்தில் வென்ற பெருமையைவிட, எழுதிய விலைக்கு எழுதிய பொருளைப் பெறும் உரிமை பெரியது. அந்த உரிமையைப் பயணிகள் எல்லோரும் கேட்கத் தொடங்கினால், எழுதித் தராத கடைகள் தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.